கடல் படித்த பலகை

ஒரு காட்டில்... உடனே புலியையும் சிங்கத்தையும் தேடாதீர்கள். இது நடுக்கடலில் ஒரு மணல்திட்டை ஒட்டி நிற்கும் கண்டல் காடு, அலையாத்தி என்பார்களே, அது. ராஜா, மந்திரி என்று இங்கே யாரும் கிடையாது. சூசம்மா என்று ஒரு நண்டு இருந்தாள், அவ்வளவுதான்.

சூசம்மாவின் வளை வடகரையில். போன வருஷத்து வாடைக்காற்றில் அவளுக்கு முன்னால் இருந்த மூன்று வரிசை வளைகளைக் கடல் வழித்துக்கொண்டு போய்விட்டது. இந்த வருஷம் முதல் வரிசையே அவள்தான். வயிற்றுக்கடியில் முட்டைக்கொத்து வேறு. பொரிவதற்குள் வாடை வந்துவிட்டால் வளையும் போச்சு, பிள்ளைகளும் போச்சு.

அந்தத் தீவு நண்டுகள் ஒன்றும் கையாலாகாதவர்கள் இல்லை. முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும் கண்டல் காய் விழுந்தால், இழுத்துப்போய் வளை வாசலில் குத்திவைப்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் சீர் அந்தக் காய்தான். வேர் பிடித்துவிட்டால் மண் நகராது. ஆனால் வடகரை அலை பொல்லாதது. வேர் பிடிக்க மூன்று மாசம் ஆகும், அலை மூன்று நாளில் பிடுங்கிப் போட்டுவிடும். அந்த மூன்று மாசத்துக்கு மறைப்பாக ஒரு மூங்கில் படல் வேண்டும். மூங்கிலோ தீவில் கிடையாது.

கடலரிப்பைத் தடுக்க நிதி கொடுக்கிற அலுவலர் கரையிலிருந்து பறந்து வந்தார். கூழைக்கடா. தாடைப் பை நிறையப் படிவங்கள். வழியில் பிடித்த மத்தி மீனும் அதே பைக்குள் கிடந்ததால் படிவமெல்லாம் ஒரே கவிச்சி.

"கதவு எண்?"

"கதவைத் தினம் ரெண்டு தடவை கடல்தண்ணி ஏறிக் கொண்டுபோயிருதுய்யா. நாங்க திரும்பக் களிமண்ணால அடைச்சுக்குவோம்."

"ஓகோ. வீடு பாதிக்கப்பட்டதா?"

"இன்னும் இல்லய்யா. வாடை வந்தா போயிரும்."

"பாதிக்கப்பட்டவர்களுக்குத்தானம்மா முன்னுரிமை. வீடு போனதும் வாருங்கள்."

"போனதும் வந்தா மூங்கில் குடுப்பீகளா?"

"அதெப்படி? முகவரி இல்லாதவர் விண்ணப்பிக்க முடியாதே!"

சூசம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் பெரிய கொடுக்கு தானாகவே மேலே போனது. முட்டைகளை நினைத்து இறக்கிக்கொண்டாள். "அப்ப போன வருஷம் போன வீடுகளைப் படம் எடுத்துக்குங்கய்யா" என்று கடலைக் காட்டினாள்.

அவர் எடுத்துப் பார்த்தார். "வெறும் தண்ணீராகத் தெரிகிறதே?"

"அதான்யா வீடு."

எப்படியோ விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அனுமதியும் வந்தது, ஒரு படகு நிறைய. சூசம்மா குடுகுடுவென்று ஓடிப்போய்ப் பார்த்தாள். மூங்கிலைக் காணோம். நூறு பெயர்ப்பலகைகள். ஒவ்வொன்றிலும் கூழைக்கடாவின் சிரித்த முகம், அதன் கீழே 'இயற்கையைக் காப்போம், இயற்கை நம்மைக் காக்கும்'.

"மூங்கில் எங்கய்யா?"

"மூங்கில் இந்தத் தீவின் இயற்கை இல்லையே அம்மா. நிராகரித்துவிட்டார்கள்."

"இந்தப் பலகை என்ன மரம்?"

"தேக்கு."

"தேக்கு மட்டும் இங்க விளையுதாக்கும்?"

"அது விளம்பரம்மா. விளம்பரம் எல்லா மண்ணிலும் விளையும். கேட்டுக்கொள்ளுங்கள், திட்டத்தைத் திறந்துவைக்கச் சிறப்பு விருந்தினர் படகில் வருகிறார், கால் நனைக்க மாட்டார். பலகையெல்லாம் தண்ணீர் ஓரத்தில், கடலைப் பார்த்து நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி."

"யாரு முழம்யா?"

"உங்கள் முழம்தான், வேறு யார் முழம்?" என்று சொல்லிவிட்டு அவர் பறந்துபோனார். நண்டின் முழம் எவ்வளவு என்று பாவம், அவர் யோசிக்கவில்லை.

நண்டுகளும் சொன்ன பேச்சு மாறாமல் அளந்து நட்டார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நெத்திலி நுழையும், அவ்வளவுதான். பள்ளம் தோண்ட நண்டுக்குச் சொல்லியா தரவேண்டும்? ஆழமாகவே தோண்டினார்கள். பலகைக்குப் பின்னால் சூசம்மா சத்தமில்லாமல் கண்டல் காய்களைக் குத்திக்கொண்டே போனாள். விருந்தினர் வந்தார், முதல் பலகையைப் படித்தார், கைதட்டினார், போனார்.

அப்புறம் வாடை வந்தது. அம்மாடி, என்ன அலை! பாதிப் பலகை பிளந்தது, கூழைக்கடாவின் மூக்கெல்லாம் பெயர்ந்தது. ஆனால் வரிசை நின்றது. பின்னால் வண்டல் சேர்ந்தது. சூசம்மாவின் முட்டைகள் பொரிந்து, கடுகளவு பிள்ளைகள் தண்ணீரில் இறங்கின. அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

அலுவலர் இறுதி அறிக்கை எழுத வந்தார். "கடல் உள்ளே வரவில்லையே! எப்படி?"

"பலகையை நெருக்கி நட்டோம்யா, அதான்..."

"நெருக்கியா? ஒரு முழம் என்பது விதியாயிற்றே! விதிமீறல் என்றால் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்."

சூசம்மா பலகை வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்று வேர் பிடிக்க இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. பலகை போனால் எல்லாம் போச்சு. சட்டென்று பேச்சைத் திருப்பினாள்.

"ஐயோ, நெருக்கி இல்லய்யா, வாய் தவறிருச்சு. கடல் வந்துச்சு. பலகையைப் படிச்சுச்சு. திரும்பிப் போயிருச்சு."

கூழைக்கடாவின் கண் விரிந்தது. "படித்ததா?"

"ரெண்டு தடவை படிச்சுச்சு. உங்க படத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பதறுன மாதிரியும் தெரிஞ்சுது."

அப்படியே எழுதிக்கொண்டு போனார். மறுவருஷமே சுற்றியுள்ள ஏழு தீவுகளுக்கும் திட்டம் விரிந்தது. செலவுப் பட்டியலில் நாற்று என்ற வரியையே தூக்கிவிட்டார்கள், அது தேவையில்லை என்றுதான் நிரூபணம் ஆகிவிட்டதே! பலகை மட்டும், எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக.

பக்கத்துத் தீவிலிருந்து கித்தேரி என்கிற நண்டு நீந்திவந்து சூசம்மாவின் வாசலில் மூச்சு வாங்கினாள். வாசலில் நாலு இலை விட்ட கண்டல் நின்றது.

"அக்கா, எங்களுக்கும் பலகைதான் வந்திருக்கு. எங்க கடலுக்கு எழுத்துத் தெரியாதேக்கா!"

"அடி கிறுக்கி, உன் கையால ஒரு முழம் அளந்து நடு. பின்னால காயைக் குத்து. யாராவது கேட்டா மட்டும், கடல் படிச்சுச்சுன்னு சொல்லிரு."

நீதி: கடலுக்கு எழுத்தறிவு உண்டு. இல்லை என்று சொல்பவர்களின் தீவுக்கு நிதி கிடையாது.