ஆறாம் மாடிக்காரரின் மதம்

பெய்ரூட்டில் பரஸ்பர மரியாதைக்கான பொது இயக்குநரகம் என்று ஒன்று திறக்கப்பட்டபோது, எங்கள் கட்டிடத்தில் யாரும் மகிழவும் இல்லை, வருந்தவும் இல்லை. புது அலுவலகம் என்றால் ஒரு மந்திரியின் மச்சானுக்கு நாற்காலி, ஒரு புது முத்திரை, அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம். அந்த முத்திரை எங்கள் லிப்டின் கதவில் வந்து விழும் என்று யார் கண்டது?

சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: "வெவ்வேறு மதப் பிரிவினர் மிக நெருக்கமாக நிற்க நேரும் இடம் லிப்ட் என்பது ஆய்வில் தெரியவந்துள்ளபடியால், குடியிருப்போர் அனைவரும் ஒருவர் நம்பிக்கையை ஒருவர் மதிக்கின்றனர் என்ற சான்று பெறப்படாத கட்டிடங்களில் லிப்ட் இயங்க அனுமதிக்கப்பட மாட்டாது." மறுநாள் காலை கதவில் சிவப்பு அரக்கு. பதினெட்டு மதப் பிரிவுகளை வைத்துக்கொண்டு ஒரு மின்சாரக் கம்பியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத நாட்டில், அரக்கு மட்டும் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

மற்றவர்களுக்கு இது சிரமம். ஆறாம் மாடி வாத்தியார், உஸ்தாத் வதீஹுக்கு இது சிறை.

நாற்பது வருஷம் ரசாயனம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கடவுள் நம்பிக்கை கிடையாது, முழங்காலில் அப்போதுதான் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. முன்னதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. பின்னதால் படியிறங்க முடியவில்லை. காய்கறி, ரொட்டி எல்லாம் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கி வாங்கிக்கொண்டார். மனைவி ஸல்மாவைக் கூடையில் வாங்க முடியாதே! அவள் நதிக்கு அந்தப் பக்கம், கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருந்தாள். நினைவு வந்து வந்து போகும் வியாதி. வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வருவார் என்பது மட்டும் அவளுக்கு மறக்காது. உதட்டுச் சாயம் பூசி உட்கார்ந்திருப்பாள். இரண்டு வியாழன் அவர் வரவில்லை. மூன்றாவது வியாழன், தான் விதவையாகிவிட்டதாக அவளே முடிவு செய்து, கறுப்பு உடை கேட்டு வாங்கி, புருஷனுக்கு நாற்பதாம் நாள் பூசைக்குத் தேதியும் குறித்துவிட்டாள்.

"இன்னும் மூணு வாரத்துல எனக்குப் பூசை, மதாம் நுஹாத்," என்றார் உஸ்தாத் என்னிடம். "அதுக்குள்ள நான் போய் முகத்தைக் காட்டலைன்னா, அப்புறம் நேர்ல போனாலும் நம்பமாட்டா."

ஒருவழியாக இயக்குநரகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பெயர் ஃபயாத். இடுக்கிய கோப்பும் இறுக்கிய டையுமாக. எங்கள் வரவேற்பறையில் உட்காரவைத்து, ஏலக்காய் போட்ட காப்பி கொடுத்தேன். கட்டிடக் குழுத் தலைவரும் சுன்னியுமான ஹாஜி ராத்திப், மூன்றாம் மாடி ஷியாப் பெண்மணி உம்மு ஹைதர், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆர்மீனியர் ஹ்ராயிர் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"ஹாஜி, எதிர்வீட்டு மதாம் நுஹாதோட நம்பிக்கையை மதிக்கிறீங்களா?"

"தலை மேல, கண்ணு மேல!"

"அதுல எதை?"

ஹாஜி கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஈஸ்டர் பலகாரம். பேரீச்சம்பழம் தாராளமா வைப்பாங்க."

'முழு மரியாதை' என்று எழுதிக்கொண்டார் ஃபயாத். என் பக்கம் திரும்பினார். "உம்மு ஹைதரோட நம்பிக்கை?"

"மொஹரம் ஆஷூரா அன்னிக்கு அண்டா நிறைய கோதுமைக் கறிக்கஞ்சி. முதல் கிண்ணம் எனக்குத்தான்."

"நான் நம்பிக்கையைக் கேட்டேன் மதாம்."

"அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. அதனாலதான் முப்பது வருஷமா நல்லா இருக்கோம்."

'மிக ஆழ்ந்த மரியாதை.'

உம்மு ஹைதர் காத்திருக்கவில்லை. "ஹ்ராயிரை நான் மதிக்கிறேன். ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் முடிச்ச பிறகு ஜனவரியில இவங்க தனியாக் கொண்டாடுறாங்க. ரெண்டு தடவை லீவு. அதை மதிக்காம?"

அரைமணியில் ஐந்து மாடி முடிந்தது. ஆறாவதுக்குப் படியேறிப் போனோம். ஆய்வாளருக்கு மூச்சு வாங்கியது. தன் அலுவலகம் வைத்த அரக்கு தன்னையே ஏறவைக்கிறது என்பது அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

"உஸ்தாத், மத்தவங்க நம்பிக்கையை மதிக்கிறீங்களா?"

"மத்தவங்களையா, அவங்க நம்பிக்கையையா?"

"படிவத்துல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்."

"அப்போ கட்டம் தப்பு. ஹாஜியை மதிக்கிறேன். லிப்ட் நின்னதிலேர்ந்து எனக்குத் தண்ணி கேன் தூக்கிட்டு வர்றவர் அவர்தான். அவர் நம்புறது சரியில்லன்னு நினைக்கிறேன். அவர்கிட்டயே சொல்லியிருக்கேன். நான் நரகத்துல வேகுவேன்னு அவரும் சொல்லியிருக்கார். சொல்லிட்டுத் தாயக்கட்டையை உருட்டுவோம்."

"வேகத்தான் போறீங்க," என்றார் ஹாஜி அன்போடு.

ஃபயாத் முகம் சுளித்தார். "உஸ்தாத், இது அவமரியாதை."

"நான் சொன்னதா, ஹாஜி சொன்னதா?"

"நீங்க சொன்னது மட்டும். உங்க நம்பிக்கை தப்புன்னு ஹாஜி சொன்னா, அது அவரோட நம்பிக்கை. அதை நாங்க மதிக்கணும். அவர் நம்பிக்கை தப்புன்னு நீங்க சொன்னா, அது வெறும் பேச்சு."

"நான் அவர் சொன்னதை முழுசாக் கேட்டு, அவர் வேதத்தை ரெண்டு தடவை படிச்சு, ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டு 'ஒத்துக்கலை'ன்னு சொல்றேன். இவங்க எல்லாம் பலகாரத்தைத் தின்னுட்டுத் தலையாட்டுறாங்க. இதுல எது மரியாதை?"

"தலையாட்டுறது," என்றார் ஃபயாத் சற்றும் தயங்காமல். "விதி ஒன்பது."

எனக்குப் பொறுக்கவில்லை. "உஸ்தாத், ஒரு கையெழுத்துதானே? மதிக்கிறேன்னு எழுதித் தொலைங்களேன். ஸல்மா அங்க கறுப்பு கட்டிட்டு உட்கார்ந்திருக்கா. நாங்கல்லாம் பொய் சொல்லல? நான் கன்னியாஸ்திரீகள் பள்ளியில படிச்சவ, எனக்கே கூசல."

"பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதாதேன்னு நாற்பது வருஷம் பசங்க தலையில குட்டியிருக்கேன் மதாம். இப்போ நான் எழுதினா அத்தனை பேர்கிட்டயும் குட்டு வாங்கணும்."

ஃபயாத் கோப்பைப் புரட்டினார். இன்னொரு சங்கடம் அகப்பட்டது. மரியாதை பரஸ்பரமாக இருந்தாக வேண்டும். ஆகவே மற்றவர்களும் உஸ்தாதின் நம்பிக்கையை மதித்தாக வேண்டும். அவரிடமோ நம்பிக்கை என்று எதுவும் இல்லை. இல்லாத பொருளுக்கு மரியாதை செலுத்தினால் தணிக்கையில் கேள்வி வரும்.

"ஒரே வழிதான் இருக்கு," என்றார் ஃபயாத் கடைசியில். "இவரை நம்பிக்கையாளரா பதிவு பண்ணிடலாம். பண்ணிட்டா மத்தவங்களை அவர் என்ன வேணா சொல்லலாம். எல்லாம் மதிக்கத்தக்கதாயிடும். உஸ்தாத், வாரா வாரம் தவறாமச் செய்ற காரியம் ஏதாவது உண்டா?"

"வியாழக்கிழமை நதி தாண்டிப் போவேன். பத்து மணிக்கு."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமா."

ஃபயாத் எழுதினார்: 'புனித நாள்: வியாழன். யாத்திரைத் தலம்: நதிக்கு அப்பால். நேரம்: முற்பகல் பத்து.'

"யோவ், அது என் பொண்டாட்டியைப் பார்க்கப் போறதுய்யா!"

"ஒவ்வொரு மதத்துக்கும் உள்ளர்த்தம் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள நாங்க போறதில்ல. எழுதினது உண்மையா, இல்லையா?"

உஸ்தாத் இரண்டு முறை படித்துப் பார்த்தார். "போறது உண்மை," என்று முனகிக் கையெழுத்திட்டார். எங்கள் கட்டிடத்துக்கு மரியாதைச் சான்று கிடைத்தது.

அரக்கு பிரிய இரண்டு வாரம் ஆனது, ஏனென்றால் அரக்கு வைக்கும் அதிகாரி வேறு, பிரிக்கும் அதிகாரி வேறு. பூசைக்கு முந்தின நாள் பிரித்தார்கள். பிரித்தவர் ஒரு நிபந்தனை படித்தார்: சான்று பெற்ற லிப்டில் மரியாதை "கண்ணுக்குப் புலப்படும் வகையில்" இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நகரத்தில் இதுதான் மோஸ்தர். பக்கத்துக் கட்டிடத்து லிப்டில் விளக்கு மாட்டிப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். நாங்கள் சும்மா இருப்போமா? அன்று சாயங்காலமே என் பங்குக்கு இடுப்புயர புனித ரீத்தா சிலையை வைத்தேன். ஹாஜி, திருவசனம் பொறித்த பித்தளைத் தட்டை ஒரு மரத் தாங்கியோடு கொண்டுவந்தார். உம்மு ஹைதர் ஆஷூராவின் கறுப்புக் கொடியைக் கம்பத்தோடு நட்டாள். ஹ்ராயிர் சளைத்தவரா, ஆள் உயரச் சிலுவைக்கல் ஒன்றை இரண்டு பேரை வைத்துத் தூக்கிவந்தார். மிச்சமிருந்த மூலையில் இயக்குநரகத்தின் அன்பளிப்பாக நாட்டுக் கொடியில் இருக்கும் தேவதாரு மரம், பிளாஸ்டிக்கில்.

வியாழன் காலை உஸ்தாத் கோட்டுப் போட்டு, தலைவாரி, ஊன்றுகோலுடன் லிப்ட் கதவைத் திறந்தார். உள்ளே எல்லா மதமும் இருந்தது. ஆள் நிற்க இடம் இல்லை.

"யாராவது எதையாவது எடுங்களேன்," என்றார்.

நான் ஹாஜியைப் பார்த்தேன். ஹாஜி உம்மு ஹைதரைப் பார்த்தார். உம்மு ஹைதர் ஹ்ராயிரைப் பார்த்தாள். ஹ்ராயிர் ரீத்தாவைப் பார்த்தார்.

"எடுக்கிறதுல ஒண்ணுமில்ல," என்றாள் உம்மு ஹைதர். "முதல்ல எடுக்கிறவ நானா இருக்கமாட்டேன்."

"மணி ஒன்பது பத்து," என்றார் உஸ்தாத். "பத்தரைக்கு என் பூசை."

யார் முதலில் நினைத்தார்கள் என்று தெரியாது. என் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று வந்தது. உஸ்தாதை அதில் உட்காரவைத்து ஆளுக்கொரு கால் பிடித்தோம். ஆறு மாடி! "இடிக்காதீங்க ஹாஜி!" "நீங்க சாய்க்காதீங்க மதாம்!" "அடப்பாவி ஹ்ராயிர், உன் பக்கம் தூக்கு, மனுஷன் என் மேல விழுறார்!" திட்டிக்கொண்டே இறக்கினோம். மரியாதையான ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஹ்ராயிரின் வேனில் ஏற்றிக்கொண்டு நதியைத் தாண்டினோம்.

இல்லத்துச் சிற்றாலயத்தில் கறுப்பு உடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் ஸல்மா. நாற்காலியில் வந்து இறங்கியவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் பூசைக்கும் லேட்டாத்தான் வருவியா? உட்காரு."

உட்கார்ந்தார். பாதிரியார் கலவரப்பட்டார். பூசைக்குப் பதிவு செய்யப்பட்ட ஆத்மா முன்வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் ஜெபம் மறக்காது? ஆனாலும் ஸல்மா முறைத்த முறைப்பில் ஆரம்பித்து, முடித்தும் வைத்தார். உஸ்தாத் எழ வேண்டிய இடத்தில் ஹாஜியின் தோளைப் பிடித்து எழுந்தார், அமர வேண்டிய இடத்தில் அமர்ந்தார். ஸல்மா அவர் விரலை விடவே இல்லை.

வெளியே வந்ததும் உம்மு ஹைதர் கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க உஸ்தாத். நம்பிக்கை மேல மரியாதை வந்துடுச்சுதானே?"

"இல்ல உம்மு ஹைதர். அவ பக்கத்துல ஒரு இடம் காலியா இருந்துச்சு."

இதை ஃபயாதிடம் நான் சொன்னேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்.

அடுத்த வியாழனும் தூக்கினோம். அதற்கடுத்ததும். ஹ்ராயிரின் ஸ்டுடியோப் பையன் எடுத்த படம் பத்திரிகையில் வந்தது: "நம்பிக்கையற்றவரைச் சுமக்கும் நான்கு நம்பிக்கைகள்". ஒரு தூதர் வந்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் தகராறு வந்தது. முன்-வலது கால் கௌரவமானது, அது ஏன் எப்போதும் ஹாஜிக்கு? விவகாரம் இயக்குநரகம் வரை போய், முன்-வலது கால் சுழற்சி முறையில் என்றும், பின்-இடது கால் நிரந்தரமாக எனக்கு என்றும் ஆணை வந்தது. எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் துரூஸ் மதப் பிரிவுக் குடும்பம் தங்களுக்கும் பங்கு கேட்டு மனுப் போட்டிருக்கிறது. ஐந்தாவது கால் பொருத்தலாமா என்று தச்சரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லிப்டுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக ஓடுகிறது. ரீத்தாவும் கொடியும் கல்லும் தினம் மேலும் கீழும் போய்வருகிறார்கள். நாங்கள் படியேறுகிறோம்.

போன வியாழன் எட்டரை மணிக்கு, நாங்கள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. உஸ்தாத் கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு, ஊன்றுகோல் இல்லாமல், தன்னந்தனியாகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"முழங்கால் சரியாயிடுச்சு," என்றார் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு. "டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். இன்னிக்குச் சீக்கிரமே போய் அவளை ஆச்சரியப்படுத்தலாம்னு…"

யாரும் சிரிக்கவில்லை.

"நடந்தா?" என்றாள் உம்மு ஹைதர். "வியாழக்கிழமையில?"

"இன்னிக்கு முன்-வலது என் முறை," என்றார் ஹ்ராயிர். "மாமியார் வீட்டிலேர்ந்து பார்க்க வந்திருக்காங்க."

"நீங்களே இப்படிப் பண்ணினா, உஸ்தாத்?" என்றேன் நான். எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது.

"என்ன பேத்தல் இது? நான் எந்த மதத்தையும் நம்புறவன் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஹாஜி ராத்திப் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். மிக மென்மையாகத்தான் சொன்னார்.

"நீங்க நம்ப வேணாம் உஸ்தாத். யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா நாங்க நம்புறோம். அதை நீங்க மதிக்கணுமா, இல்லையா?"

உஸ்தாத் எங்கள் நான்கு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, யாத்திரை ஆறாம் மாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதால், ஆரஞ்சுப் பையோடு மறுபடி மேலே ஏறத் தொடங்கினார். நாங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம்.