தூக்கும், இழுக்கும்

இனிமேல் இந்த வீட்டில் யார் இழுத்த இழுப்புக்கும் போவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முடிவெடுத்தேன். ஏழு ஐந்துக்கு மனைவி கேஸ் சிலிண்டரை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து முடிவெடுத்தேன்.

என்னிடம் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கிடங்குகளில் சரக்கு ஏற்றி இறக்க வாடகைக்கு ஓட்டுகிறேன். வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தட்டையான இரும்புக் கைகளுக்குத்தான் ஃபோர்க் என்று பெயர். மூட்டை அடுக்கிய மரப்பலகையின் அடியில் நுழைத்துத் தூக்கினால் ஒன்றரை டன் பூப்போல எழும்பும். கிடங்கில் என்னைக் கண்டால் ஒன்றரை டன் சரக்கு பயப்படும். வீட்டில் நாற்பத்தெட்டு கிலோவுக்கு நான் பயப்படுவேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் ராஜ்ஜியம். செத்துப்போன டீசல் இன்ஜின் ஒன்று, பல் போன கியர்பெட்டிகள் மூன்று, வளைந்த 'ப' வடிவ இரும்புச் சானல்கள், எதிலிருந்து கழன்றன என்று எனக்கே தெரியாத போல்ட்டுகள் நாலு டப்பா. எல்லாமே எதற்காவது உதவும். வெளியே இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று நிற்கிறது. மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அதை இழுக்க என்னிடம் வண்டி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஃபோர்க்லிஃப்டில் அதை மாட்ட இடமே இல்லை. மனைவி அதன்மேல் தலையணை காயப்போட்டு வந்தாள்.

அவள் தையல்காரி. இரண்டு மெஷின்களையும் படுக்கையறையில் போட்டுத் தைக்கிறாள். புரண்டு படுத்தால் ஊசி குத்தும். கொட்டகையைக் கொடுத்தால் கடை வைத்துக்கொள்வேன் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அது மட்டும் என் காதில் விழவில்லை.

நான் முடிவெடுத்த அதே திங்கட்கிழமை அவள் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் இன்ஜினைப் பார்த்தார், வீட்டுக்கு வரும் குறுகலான சந்தைப் பார்த்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இதைத் தூக்க ஆளில்லை, லாரி இந்தச் சந்தில் நுழையாது, தெருமுனையில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவந்து போட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பினேன்.

இரண்டு நாள் மனைவி கொட்டகைப் பேச்சையே எடுக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். புதன்கிழமை சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த இரும்பெல்லாம் எதுக்காவது உதவும்னு சொல்றீங்களே. அதுல உபயோகமா ஒரே ஒரு சாமான் செஞ்சு காட்டுங்க பாப்போம். ஒரு வாரம் டைம்."

"காட்டினா?"

"அதுக்கப்புறம் அந்தக் கொட்டகைக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன். சத்தியமா."

"காட்டலைன்னா?"

"காலி பண்ணிக் குடுத்துடணும்."

"சரி. என்ன சாமான்?"

"அது உங்க இஷ்டம். நான் என்னத்தைக் கண்டேன்?" நூலைப் பல்லால் கடித்தாள். "அந்த டிரெய்லர்கூட ரெண்டு வருஷமா சும்மாதான் நிக்குது."

கடைசியில் சொன்னதை அவள் வாய்தவறிச் சொன்னாள் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் நினைப்பதற்குத்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள் போலிருக்கிறது.

அன்று இரவே படம் வரைந்துவிட்டேன். ஃபோர்க்குகள் இரண்டின்மேலும் செருக இரண்டு இரும்பு உறை. இரண்டு உறையையும் இணைக்கக் குறுக்கே கனமான தகடு. தகட்டின்மேல் ஓர் இரும்புக் குண்டு. டிரெய்லரின் கழுத்து அந்தக் குண்டின்மேல் வந்து உட்கார்ந்தால் வண்டி அதை இழுக்கும். தகட்டின் அடியில் ஒரு கொக்கி. சங்கிலியைக் கட்டி அதில் மாட்டினால் எந்தப் பாரத்தையும் அந்தரத்தில் தூக்கலாம். வேலை முடிந்ததும் உறையை உருவி வைத்துவிட்டால் பழையபடி ஃபோர்க்.

நாலு நாள் வெல்டிங் பொறி பறந்தது. வளைந்த சானல்களை நிமிர்த்தி உறையாக்கினேன். மனைவி கொட்டகை வாசலில் கோடு கிழித்தாற்போல் நின்று வேடிக்கை பார்த்தாள். இன்னும் ஜெயிக்கவில்லையே, உள்ளே வரலாமே என்றேன். இப்போதே பழகிக்கொள்கிறேன் என்றாள். எனக்கே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏங்க, இது சட்டைக் கை மாதிரி சும்மா செருகியிருக்கே. டிரெய்லரை இழுக்கும்போது உருவிட்டு வந்துடாதா?"

"வராது."

"பாவாடைக்கு நாடா இல்லாட்டி என்ன ஆகும்?"

யோசித்தேன். என்ன ஆகும் என்பது கண்முன் வந்தது. உறைக்குப் பின்னால் இரண்டு வளையம் வைத்து, வண்டியின் உடம்போடு சேர்த்துச் சங்கிலியால் இறுக்கினேன். மறுநாள் பக்கத்து வீட்டு சயின்ஸ் வாத்தியார் வந்து பார்த்தபோது, அந்தச் சங்கிலிதான் என் மூளையின் உச்சம் என்று விளக்கினேன். மனைவி பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாரம் முன்னால் தள்ளிப் போகப் போக வண்டியின் தூக்கும் சக்தி குறையும் என்றார். கொக்கியை அதனால்தான் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன் என்றேன். இருந்தாலும் பெரிய பாரம் கஷ்டம்தான் என்று உதட்டைப் பிதுக்கினார்.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம். மனைவி வாசல்படிக்கு வெளியே, வாத்தியார் நாற்காலியில். முதலில் ஒரு டப்பா போல்ட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இதை நானே தூக்குவேன்," என்றாள் மனைவி.

"வேற என்ன தூக்கணும்?"

"அந்த இன்ஜின் முடியாதாம். சார் சொல்றாரு."

'நான் எப்போது சொன்னேன்?' என்பதுபோல் வாத்தியார் பார்த்தார். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. கொட்டகைக் கதவை அகலத் திறந்து, இன்ஜினுக்குச் சங்கிலி கட்டி, கொக்கியில் மாட்டி லீவரை இழுத்தேன். எழும்பியது. இன்ஜின் காற்றில் ஊஞ்சலாடியது. வெளியே கொண்டுவந்து டிரெய்லர்மேல் அலுங்காமல் இறக்கினேன். மனைவி கை தட்டினாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுன்னா யாரும் தூக்கிடலாம்," என்றாள். "அந்த கியர்பெட்டி?"

மூன்றையும் தூக்கினேன். மூலையில் கிடந்த இரும்புப் பீரோ? தூக்கினேன். மிச்சமிருந்த சானல்களைக் கட்டாகக் கட்டினால்? கட்டினேன், தூக்கினேன். அவள் என்னை ஏற்றிவிட ஏற்றிவிட, நான் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டே இருந்தேன். சில்லறைச் சாமான்களைக் கூடக் கூடையில் அள்ளி, ஒரு பாரமாக்கிக் காட்டினேன்.

"தூக்குது, ஒத்துக்கறேன்," என்றாள். "ஆனா இவ்வளவு பாரத்தோட இழுக்குமா?"

குண்டை டிரெய்லரின் கழுத்துக்கு அடியில் கொண்டுபோய் லேசாக உயர்த்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. இந்த அமைப்பில் ஒரு விசேஷம்: டிரெய்லர் வண்டிக்கு முன்னால் இருப்பதால், இழுக்க வேண்டுமென்றால் நான் பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ் போட்டேன். சந்தில் சுவருக்கும் டிரெய்லருக்கும் ஒரு சாண்தான். உரசாமல் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போனேன். மனைவி கூடவே நடந்து வந்தாள். இரண்டு வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"பின்வாங்கறது சுலபம்," என்றாள் அவள். "முன்னால தள்ளிட்டுப் போக முடியுமா? அதோ அந்தச் சின்ன கேட் தெரியுது பாருங்க, அதுக்குள்ள?"

"ஊசியில நூல் கோக்கற மாதிரி கோத்துக் காட்டறேன் பாரு."

கோத்தேன். என் கண்ணெதிரே, என் கையாலேயே, அங்குலம் அங்குலமாகத் தள்ளி, கேட்டின் இரண்டு பக்கத்திலும் படாமல் டிரெய்லரை உள்ளே நிறுத்தினேன். யாரோ பலே என்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பழைய இரும்புக் கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சொன்ன மாதிரியே கொண்டுவந்து போட்டுட்டீங்களேக்கா," என்றார் மனைவியிடம்.

இறக்குவதற்கு ஆளில்லை என்றார் அவர். அதற்கும் நான்தான் கொக்கியை மாட்டினேன்.

திரும்பி வரும்போது டிரெய்லர் லேசாக இருந்தது. நெஞ்சு கனத்தது. உபயோகமான சாமான் செய்தால் கொட்டகை எனக்கு என்றுதானே பேச்சு என்று கேட்டேன்.

"கொட்டகை உங்களுக்குன்னு நான் எப்போ சொன்னேன்? காலெடுத்து வைக்க மாட்டேன்னுதானே சொன்னேன். வெச்சேனா?"

வைக்கவில்லை. ஒரு வாரமாக வாசல்படியைத் தாண்டவில்லை. உள்ளே போய் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்ததெல்லாம் நான்தான்.

வீட்டு முற்றத்தில் தையல் மெஷின்கள் இரண்டும் வெட்டும் மேஜையும் துணி சுற்றித் தயாராக நின்றன. தூக்கிக் கொட்டகைக்குள் வைத்தேன். வைத்துவிட்டு, கையிலிருந்த கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினேன்.

"சத்தியம் பண்ணியிருக்கே. கொட்டகைக்குள்ள கால் வைக்காம எப்படித் தைப்பே?"

அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பலகையை எடுத்து வந்தாள். 'தையல் கடை' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது. பெயிண்ட் காய்ந்து நாலைந்து நாளாவது ஆகியிருக்கும்.

"இதைக் கொஞ்சம் தூக்கி வாசலுக்கு மேல மாட்டிடுங்க."

கொக்கியில் தொங்கவிட்டு உயர்த்தி, ஏணி வைத்து ஏறி, நாலு ஆணி அடித்தேன். அவள் கீழே நின்று அழகு பார்த்தாள்.

"கொட்டகைக்குள்ளதாங்க கால் வைக்க மாட்டேன்னேன். இது கடை."

சொல்லிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. என் இன்ஜின் கிடந்த இடத்தையாவது கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏணியிலிருந்து இறங்கி வாசல்படியில் கால் வைத்தேன். மெஷின் நின்றது.

"ஏங்க, உள்ள வர்றதா இருந்தா செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க."