அத்தானுக்கு நான் பல் வைத்த கதை

எல்லா வீட்டிலும் ஓர் ஆள் இருப்பான். விசேஷம் வந்தால் அவனிடம் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வேலையும் கொடுக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்பதும் தெரியும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி என்னுடையது.

இப்போதெல்லாம் யாரும் எனக்கு வேலை கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பந்தி எப்போது என்று மட்டும் விசாரிக்கிறேன். இந்த ஓய்வு எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் அத்தானின் படத்திறப்பில் பாடுபட்டுச் சம்பாதித்தது.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ராஜபாளையத்தில் கோணல் பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டர். மலைக்கு இந்தப் பக்கம் நேராக நிற்கும் பல் வரிசைகளில் பாதி அவர் கைவேலை. அதோடு ஒரு குதிரையும் வைத்திருந்தார். பவுனு என்று பெயர், செம்பட்டை நிறம். விடிந்ததும் அதில் ஏறி அய்யனார் கோவில் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்துதான் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வார். மகள் கோதையைக் கொஞ்ச நாள் அதிலேயே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். (மற்ற பிள்ளைகளும் வீட்டில் குதிரை கேட்டு அழுததால் தலைமையாசிரியை கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.) சாயங்காலம் ஏழு மணிக்கு, யார் வாயில் எத்தனை கம்பி தொங்கிக்கொண்டிருந்தாலும் முடித்துவிட்டு வீடு வந்துவிடுவார். அக்கா கையால் காப்பி குடிக்காமல் அவருக்கு அன்றைய நாள் முடியாது.

எனக்கும் அவர்தான் கிளிப் போட்டார். ஒன்றரை வருஷம் பாடுபட்டு என் பல்லை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, “மாப்ள, இந்தத் தட்டை மட்டும் ராத்திரி ராத்திரி மாட்டிக்கோங்க, இல்லன்னா பல்லு பழையபடி ஓடிரும்” என்றார். நான் மாட்டவில்லை. ஓடிவிட்டது. அதற்கப்புறம் அவர் எதிரில் இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன்.

அத்தானுக்கே முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி உண்டு. ஒரு தீக்குச்சி தாராளமாகப் போய் வரலாம். கிளினிக்குக்கு வருகிறவர்கள், “டாக்டரய்யா, உங்களுக்கே சந்து இருக்கே?” என்று கேட்டால், “வீட்டுல உத்தரவு கிடைக்கலப்பா” என்பார். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். கேமராவைக் கண்டால் மட்டும் உதட்டை இறுக்க மூடிக்கொள்வார். “பாக்கிறவன் என்ன நெனப்பான்?” என்பது அவர் கவலை.

ஒரு நாள் காலை சவாரி முடிந்து இறங்கியவர், ஷூவைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த பதினைந்து நாளும் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நான்தான் விவரம் சொன்னேன். “குதிர ஒதச்சிருச்சாமே?” என்று கேட்டார் சேத்தூரிலிருந்து வந்த ஒருவர். “இல்லண்ணாச்சி, ஹார்ட் அட்டாக்.” “ஒதச்சதுல அட்டாக்காயிருச்சோ?” அடுத்தவர் வருவார். மறுபடியும் குதிரை, மறுபடியும் ஷூ, மறுபடியும் நாற்காலி. மூன்றாம் நாளே எனக்குக் குரல் போய்விட்டது. பத்தாம் நாள் அழுகையும் போய்விட்டது. அதற்கப்புறம் செய்தி வாசிப்பவரைப் போல வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் களைப்பில்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏலே சீனி, பதினாறுக்கு அவிய படம் பெருசா வைக்கணும். கிளினிக்குல குதிரகூட நிக்கிற படம் இருக்குல்லா, அது ஒண்ணுலதான் வாயத் தொறந்து சிரிச்சிருக்காவ. பத்திரமா கொண்டுபோயி பெருசாக்கிட்டு வா. ஒனக்கு இந்த ஒரு வேலதான்.”

அது ரீல் கேமரா காலத்துப் படம். யாரோ ஒரு பேஷண்டின் அப்பா எடுத்துக் கொடுத்தது. பவுனு அத்தானின் சட்டைப் பையில் மூக்கை விட்டு எதையோ தேடுகிறது. அத்தான் கூச்சத்தில் நெளிந்து வாய் நிறையச் சிரிக்கிறார். குதிரையும் மேலுதட்டைத் தூக்கிக்கொண்டு சிரிப்பதுபோல்தான் இருக்கும். நெகட்டிவ் கிடையாது. வேறு காப்பியும் கிடையாது.

நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், சிறிய மருந்துக்கடை. என் கடைக்கு எதிரிலேயே ஜெயராஜ் அண்ணாச்சியின் ஸ்டுடியோ. அங்கே கொண்டுபோனேன். அவர் பிரேமைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வருஷக்கணக்கான ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இத இழுக்கக் கூடாது அண்ணாச்சி. கண்ணாடியோடயே வச்சு போட்டோ எடுத்துருவோம். வெளிச்சம் அடிக்காம எடுக்கணும். செத்த நேரம் பொறுங்க, ஒரு கருப்புத் துணி தேடிட்டு வாரேன்.”

அவர் உள்ளே போனார். நான் பொறுத்திருக்கலாம். பதினைந்து நாளாகக் குதிரை கதை சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இன்னும் ஐந்து நிமிஷமா பெரிசு? ஆனால் படத்தின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மருந்து பாட்டிலில் எத்தனை லேபிள் உரித்திருக்கிறேன், இது எனக்கு வராதா என்று ஓர் எண்ணம். பிடித்தேன். இழுத்தேன். அழகாக வந்தது. குதிரை வந்தது, அத்தானின் தோள் வந்தது, நெற்றி வந்தது. நடுவில் ‘சர்ரக்’ என்று ஒரு சத்தம்.

வாய் மட்டும் வரவில்லை. அது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. என் கையிலிருந்த படத்தில், அத்தானின் மூக்குக்குக் கீழே நாலணா அகலத்துக்கு வெள்ளைக் காகிதம்.

கருப்புத் துணியோடு வந்த ஜெயராஜ் அண்ணாச்சி என் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு, நல்ல மனுஷன், துணியை என்னிடம் கொடுத்து, “வேர்வையத் தொடைங்க” என்றார். கண்ணாடியைத் திரும்பிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

“கம்ப்யூட்டர்ல வாய் வச்சிரலாம்” என்றார். “நேத்துதான் ஒரு கல்யாண ஆல்பம் பண்ணேன். மாப்பிள்ளைக்கு நல்ல சிரிப்பு. அத எடுத்துப் பொருத்திருவோம். சாருக்குப் பல்லு எப்படி இருக்கும்?”

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சந்து எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அவ்வளவு ஞாபகமும் இருந்துகொண்டு, ஊருக்கெல்லாம் பல்லை நேராக்கிய மனுஷன் தன் படத்தில் சந்தோடு நிற்பதா என்று ஒரு பெருந்தன்மை வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, நாமாவது செய்துவிடுவோம். (தட்டு மாட்டாத குற்றத்துக்கு இப்படி ஒரு பரிகாரம்.)

“வரிசையா இருக்கும் அண்ணாச்சி. பல்லு டாக்டருல்லா?” என்றேன்.

கல்யாண மாப்பிள்ளையின் பல் அத்தானுக்கு ஏறியது. “முடியக் கொஞ்சம் கருப்பாக்கவா?” ஆக்குங்கள். “குதிரைக்குப் பல்லு ரொம்ப மஞ்சளா இருக்கே?” அதையும் பாருங்கள். “பின்னாடி அருவி வைக்கவா, மேகம் வைக்கவா?” மேகம். வேலை முடிந்தபோது சொர்க்கத்தில் இரண்டு பற்பசை விளம்பரக்காரர்கள் நிற்பதுபோல் இருந்தது. எனக்கு அது வெகு திருப்தியாகப் பட்டது. இன்றைக்கும் நினைத்தால் காது மடல் சுடுவது அந்தத் திருப்திக்காகத்தான்.

பதினாறாம் நாள். வீட்டு முன்னால் பந்தல், கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் வாயில் கிளிப். படத்தைப் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தோம். முன் வரிசையில் அக்கா, பக்கத்தில் கோதை, அவளை ஒட்டி நான். அத்தானோடு படித்த மதுரை டாக்டர் ஒருவர் நாலு வார்த்தை பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியை விலக்கினார்.

பந்தலில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு சேத்தூர்க்காரர் குரல் மட்டும் கேட்டது: “இது யாரு, டாக்டரு தம்பியா?”

மதுரை டாக்டர் கையில் துணியோடு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். கோதை என் பக்கம் சாய்ந்து, “மாமா, குதிரைக்கும் கிளிப் போட்டாங்களா?” என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தாள்.

அக்கா எழுந்து படத்துக்குக் கிட்டே போனாள். படத்தின் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஏலே சீனி. அவிய பல்லு எங்க?”

“அக்கா, அது... கொஞ்சம் சரி பண்ணி...”

“இம்புட்டு நாளா ஊரே வந்து, அவிய போயிட்டாவ, போயிட்டாவன்னு சொல்லுச்சு. எனக்கு மனசுல ஏறல. இதப் பாத்த பொறவுதான் நெசமாவே போயிட்டாவன்னு தெரியுது.”

அவள் சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது உளறித் தப்பித்திருப்பேன். இப்படி மெதுவாகச் சொன்னால் ஒரு மனிதன் எங்கே போவான்?

“பழைய படம் எங்கல?”

“ஸ்டுடியோவுல... பத்திரமா இருக்குக்கா.”

“போயி எடுத்துட்டு வா. கையோட.”

இலை போட்டு, வடை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஸ்டுடியோவில் ஜெயராஜ் அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எழுப்பினேன். மேஜை டிராயரிலிருந்து வாயில்லாத படத்தை எடுத்துக் கொடுத்தார்.

“கண்ணாடி?”

“கண்ணாடியா? நல்ல கண்ணாடி, கீறல் இல்ல. கழுவி வேற பிரேமுக்குப் போடலாம்னு பின்னாடி...”

பின்னால் என்றால் குழாயடி. அவர் சம்சாரம் வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். சுவரில் நாலைந்து கண்ணாடி சாத்தி வைத்திருந்தது. முதல் இரண்டும் கழுவிப் பளபளவென்று நின்றன. மூன்றாவது அவர் கையில்.

“மைனி! வச்சிருங்க! அது எங்க அத்தான்!”

அந்த அம்மா பயந்து தண்ணீரில் போடப்போய், கடைசி நிமிஷத்தில் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கண்ணாடி தப்பியது.

திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடியைப் பார்த்தால் முகம் இல்லை, கண் இல்லை, வெறும் சிரிப்பு. உதடு, பல், நடுவில் அந்தச் சந்து. அதற்குப் பின்னால் என் பேண்ட்டின் கட்டம். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி குனிந்து பார்த்தார்.

“கண்ணாடியில என்னண்ணே ஒட்டியிருக்கு?”

“எங்க அத்தானோட சிரிப்பு.”

அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வேகமாக அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான், ஐந்தாறு நாளாக வராத அழுகை வந்தது. ராஜபாளையம் வரும்வரை நிற்கவில்லை. என் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வந்தது.

வீட்டில் பந்தி முடிந்திருந்தது. நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். அக்கா கிழிந்த படத்தை மேஜையில் வைத்தாள். அதன் மேல் கண்ணாடியை வைத்து மெதுவாக நகர்த்தினாள். சிரிப்பு முதலில் காதுப் பக்கம் நின்றது. பிறகு கழுத்துக்கு இறங்கியது. கோதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நூலளவு மேலே, ஒரு நூலளவு இடது பக்கம். போய் உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் முடி போலக் கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

“ஆங்” என்றாள் அக்கா. “வந்துட்டாவ.”

பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள். “கல்யாணமான வருசமே இந்தச் சந்த மூடிக்கிறேன்னாவ. நாந்தான் வேண்டாம்னேன். ஆண்டாள் தேருக்குப் போனா எம்புட்டுக் கூட்டம்? அதுல தொலைஞ்சா உங்கள எத வச்சுக் கண்டுபிடிப்பேன்னு கேட்டேன். அதோட விட்டுட்டாவ.” கண்ணாடியை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். “நீ அதப் போயி மூடிட்ட.”

அந்தப் படம்தான் அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. சுவரிலிருந்து மூன்றடிக்குள் நான் போனால் யாராவது ஒருவர் இருமுகிறார்கள்.

மேகத்துப் படத்தை என்ன செய்வது என்று பெரிய யோசனை நடந்தது. யாருடைய படமாக இருந்தாலும் செத்துப்போனவர் என்று மாலை போட்டாயிற்று. குப்பையில் போட மனசில்லை. கடைசியில் பவுனு நிற்கும் லாயத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். பல்லைக் கொடுத்த அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு இந்நேரம் இரண்டு பிள்ளைகளாவது இருக்கும். தன் பல்லுக்கு ராஜபாளையத்தில் வருஷா வருஷம் திவசம் நடப்பது அவருக்குத் தெரியாது.

ஆமாம், நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று கோதை இரண்டு மாலை வாங்கி வருகிறாள். ஒன்றை ஹால் படத்துக்கு அவளே போடுவாள். இன்னொன்றை, வந்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, என் கையில் கொடுப்பாள்.

“எங்க அப்பாவுக்கு நான் போட்டுட்டேன் மாமா. லாயத்துல இருக்கிறது உங்க அத்தான். நீங்க போயி போட்டுருங்க.”

நானும் போகிறேன். எனக்கும் வயசாகிவிட்டது, சண்டை போடத் தெம்பில்லை. மேகத்துக்கு நடுவில் முத்து முத்தாகச் சிரிக்கும் அந்த மனிதருக்கு மாலையைப் போட்டுவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுத் திரும்புவேன். நான் வாசலைத் தாண்டுவதற்குள் பவுனு எட்டிப் பிடித்து மாலையை மென்றுகொண்டிருக்கும். கிழட்டுக் குதிரை, முழுசாகத் தின்று முடிக்கச் சாயங்காலம் ஆகும்.