கேட்டியில் ஒரு உத்தமர்

"இதென்ன, போஸ்டர் ஒட்டற பசையா?" என்று கேட்டார் கிட்டுசாமி.

"ஓட்ஸுங்க. பேசாம சாப்புடுங்க," என்றாள் மரகதம்.

"உப்பு?"

"டாக்டர் கம்மி பண்ணச் சொன்னாருல்ல?"

"தாளிப்பு?"

"எண்ணெயையுந்தான் கம்மி பண்ணச் சொன்னாரு."

"அப்பறம் எதுக்காக ஒரு மனுஷன் இதைச் சாப்புடணும்?"

மரகதம் கரண்டியைக் கீழே வைத்தாள். "நஞ்சுண்டண்ணன் சாப்புடறாருங்க. இன்னுங் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்புடறாராம். நேத்து சாரதா போன்ல சொன்னா."

அவ்வளவுதான். கிட்டுசாமிக்கு வயிறு எரிந்தது. ஓட்ஸ் உள்ளே போவதற்கு முன்பே எரிந்தது.

நஞ்சுண்டன் அவருடைய பழைய ரூம்மேட். கோயமுத்தூரில் ஒரே ஹாஸ்டல், ஒரே அறை. அமெரிக்காவுக்கு வந்ததும் ஒரே வருஷம். இவர் டல்லாஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் டெலிபோன் கம்பெனியில் உட்கார்ந்தார். அவன் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் எண்ணெய் கம்பெனியில் உட்கார்ந்தான். நடுவில் நாலு மணி நேர டிரைவ். ஆள் அங்கே இருந்தாலும், இவருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நஞ்சுண்டன் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே குடியேறிவிட்டான். அவனுக்கும் அதே சமயத்தில் அதே கொலஸ்ட்ராலாம். ஆனால் அவன் உத்தமனாம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லையாம்.

கிட்டுசாமி கெட்டவர் இல்லை. நண்பன் நன்றாக இருந்தால் சந்தோஷப்படக்கூடியவர்தான். ஆனால் தன் பெண்டாட்டி வாயால், தன் வீட்டுச் சமையலறையில், காலையும் மாலையும் இன்னொருத்தன் புகழைக் கேட்டால் எந்த ஆம்பிளைக்குத்தான் பொறுக்கும்? "எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா" என்று மரகதம் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஓட்ஸ் என்ன, வைக்கோலே தின்னத் தயார்.

அன்று அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தார். மரகதம் பாராட்டுவாள் என்று நிமிர்ந்து பார்த்தார்.

"நஞ்சுண்டண்ணன் கிண்ணத்தைக் கழுவியும் வெச்சுருவாராம்," என்றாள் அவள்.

அந்த வாரமே கிட்டுசாமி காரியத்தில் இறங்கினார். ஆபீஸ் போகிற வழியில் கடையில் நிறுத்தி, பச்சை டப்பா ஒன்றைப் பார்த்தார். சாக்லேட் பிஸ்கெட். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் 'ஃபேட் ஃப்ரீ'. திருப்பிப் பார்த்தார். கொழுப்பு: சைபர். அடேயப்பா, இந்த நாடு எங்கேயோ போய்விட்டது! கொழுப்பே இல்லாததைத் தின்றால் கொழுப்பு எப்படி ஏறும்? எவ்வளவு தின்கிறோமோ அவ்வளவுக்கு இறங்கத்தானே வேண்டும்? காபிக்கு முன்னால் பாதி டப்பா, பின்னால் பாதி டப்பா என்று கடமையைச் செய்தார்.

வேட்டி கட்டுகிறவராக இருந்திருந்தால் தெரிந்திருக்காது. பேண்ட் காட்டிக் கொடுத்துவிட்டது. குளியலறை எடை மெஷினில் ஏறி நின்றவரை மரகதம் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஏறியிருக்குது?"

"மெஷின் ரிப்பேர்."

"மெஷின் ஒண்ணும் ரிப்பேர் இல்ல." காரின் பின்சீட்டிலிருந்து எடுத்து வந்த பச்சை டப்பாக்களை வரிசையாக வைத்தாள். "கொழுப்பு சைபர்னு பாத்தீங்களே, அதுக்குக் கீழ சர்க்கரைன்னு ஒரு வரி இருக்குதே, அதைப் பாத்தீங்களா?"

"சைபரைப் பாத்த பெறகு கீழ எதுக்குப் பாக்கணும்?"

"ஒரு ஆளுக்கு ஒரு பிஸ்கெட்டுன்னு வேற போட்டிருக்குது."

"அது யாரோ சின்ன ஆளா இருக்கும்."

"நஞ்சுண்டண்ணன் கடையிலயே கண்ணாடியப் போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் வண்டியில போடுவாராம்."

படிப்பானா? காலேஜில் பாடப் புத்தகத்தையே கடைசி வரி வரைக்கும் படிக்காத பயல்! கிட்டுசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் டப்பாவும் வேண்டாம், லேபிளும் வேண்டாம், வெறும் இலை தழைதான் என்று சபதம் செய்தார்.

ஆபீஸ் கேன்டீனில் சாலட் பார் இருந்தது. முதல் நாள் கீரையும் வெள்ளரிக்காயும் எடுத்தார். தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்தில் வெள்ளையாக, கெட்டியாக, மோர்க்குழம்பு மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ரெண்டு கரண்டி ஊற்றியதும் இறங்கியது. மறுநாள் நாலு கரண்டி. அப்புறம் உருளைக்கிழங்கு சாலட், மக்ரோனி சாலட் என்றெல்லாம் இருப்பதைக் கண்டுபிடித்தார். சாலட் என்று போட்டிருக்கிறதா இல்லையா? அப்புறம் என்ன? தட்டில் கோபுரம் கட்டினார். கடைசியில் அந்தத் தட்டில் கீரையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுத்தார். முடிவைப் பார்த்துவிட்டு, "என்னதான் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாலட்," என்றார் கிட்டுசாமி கம்பீரமாக.

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இனியும் ஏறினால் மாத்திரைதான் என்றார். வீட்டுக்கு வந்ததும் மரகதம் காகிதத்தைப் படித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண் கலங்கிப்போய், "நஞ்சுண்டண்ணனுக்கு இறங்கிருச்சாமுங்க. சாரதா எத்தன சந்தோசமாப் பேசறா தெரியுமா? எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்ல," என்றாள்.

அன்றோடு கிட்டுசாமி நஞ்சுண்டனிடம் பேசுவதையே நிறுத்தினார். அவன் போன் செய்தால், "குளிக்கறேன்னு சொல்லு" என்றார். நல்லவேளையாக அவனும் ரொம்பச் செய்யவில்லை.

அப்போதுதான் தீபாவளி வந்தது. ரிச்சர்ட்சனில் ஸ்கூல் கேன்டீன் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் பாட்லக் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆளுக்கொரு ஐட்டம். கேட்டியிலிருந்து நஞ்சுண்டன் குடும்பமும் வருகிறது என்று மரகதம் சொன்னாள். கிட்டுசாமி தொப்பை தெரியாமல் இருக்கத் தொளதொள ஜிப்பா ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

வாசலிலேயே நஞ்சுண்டன் நின்றான். அவன் உடம்பிலும் ஜிப்பா தொளதொளவென்று தொங்கியது. பழைய ஜிப்பா பெரிதாகிப்போகிற அளவுக்கு இளைத்துவிட்டானே பாவி, என்று கிட்டுசாமி தன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வாடா கிட்டு," என்றான் நஞ்சுண்டன். குரலில் பாசமே இல்லை.

"ம்," என்றார் இவர்.

ரெண்டு பேரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை, தக்காளி சாதம், மசால் வடை, வெல்லம் போட்டுச் சுட்டு நெய் மினுமினுக்கும் கச்சாயம். ஊரே அந்த மேஜையில் இருந்தது. கிட்டுசாமியின் கை தானாக ஒரு வடையை எடுத்தது. நிமிர்ந்து பார்த்தார். நஞ்சுண்டன் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தட்டில் வெள்ளரிக்காய் மட்டும்.

கிட்டுசாமி வடையைத் திருப்பி வைத்தார். "சும்மா மோந்து பாத்தேன். வடையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு."

நஞ்சுண்டன் முகம் சுண்டியது. "நான் அரிசியே விட்டுட்டேன்."

"நான் அரிசி, கோதுமை ரெண்டுமே."

"உப்பு?"

"அதெல்லாம் எப்பவோ. காபியுங் கெடையாது."

"எனக்குப் பாலே கெடையாது. மோருங் கெடையாது."

சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். மரகதமும் சாரதாவும் கைகோத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மரகதத்தின் முகத்தில் இத்தனை மலர்ச்சியைப் பார்த்துக் கிட்டுசாமிக்கு மாமாங்கம் ஆகியிருந்தது. இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருங் கேட்டுக்கங்க. இந்தத் தீபாவளியில இருந்து என் ஆயுசுக்கும் இனிப்பைத் தொடமாட்டேன். சத்தியம்!"

"நானும் சத்தியம்!" என்று கத்தினான் நஞ்சுண்டன். "இனிப்பு மட்டுமில்ல, எண்ணெய்ப் பலகாரமும்!"

"நானும் எண்ணெய்ப் பலகாரம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வருஷத்துக் கச்சாயம் முழுவதும் அடுத்தவர் தட்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிட்டுசாமிக்குப் பசியில் கண் இருட்டியது. மூலையில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து கேரட்டைக் கடித்தார். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கே விளங்கவில்லை. எதிர் மூலையில் நஞ்சுண்டன் வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு அவரை முறைத்தான். அந்த நிலையிலும் அவனைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது. வெள்ளரிக்காயை எவ்வளவு ஒழுங்காகக் கடிக்கிறான்!

அப்போது தட்டு நிறையக் குவித்துக்கொண்டு ஓர் இளைஞன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாரதாவின் தம்பி மணியன். கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, போன மாதம்தான் ஊரிலிருந்து வந்தவன். அபார்ட்மென்ட் கிடைக்கிறவரை அக்கா வீட்டில் தங்கியிருந்தான். பஞ்சத்தில் அடிபட்டவன் போல மூன்று வடையை மடமடவென்று விழுங்கிவிட்டுத் தலையைத் திருப்பினான்.

"ஏனுங்ண்ணா, கிட்டுசாமிங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமா தம்பி."

மணியன் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"உங்க கால்ல வேணும்னாலும் விழறனுங்ண்ணா, ஒரே ஒரு நாளைக்கு ஓட்ஸ் வேண்டாம்னு சொல்லிப்போடுங்க! நீங்க வாயே தொறக்காம எல்லாத்தையுஞ் சாப்புடறீங்க, உங்கள மாதிரி வருமான்னு மரகதக்கா போன்ல பெருமை பேசப் பேச, எங்கக்கா எங்களுக்கு இன்னொரு கரண்டி போடறாங்க. எங்க மச்சான் உங்க பேரைச் சொல்லித் திட்டிக்கிட்டேதான் அதை முழுங்கறாரு!"