வெட்டவெளிக்கு விலாசம் கொடுத்த லேபிள் அக்கா

சிங்கப்பூரில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அரசாங்கம், மற்றது லேபிள் அக்கா. இருவருக்கும் என்றாவது சண்டை வந்தால் நான் அக்கா பக்கம். அரசாங்கமும் கடைசியில் அக்கா பக்கமே வந்துவிடும் என்பது என் கணிப்பு.

அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வந்ததில்லை. துவாஸில் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளர். எந்தப் பெட்டி எந்த வரிசையில், எந்தத் தட்டில், எப்போது வந்தது என்று லேபிள் ஒட்டுவதும் ஒட்டியதைச் சரிபார்ப்பதும் வேலை. அந்த வேலை சாயங்காலம் அக்காவோடு பஸ் ஏறி பொங்கோல் வீட்டுக்கும் வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் "சாம்பார், சனி மதியம், உப்பு கம்மி" என்று ஒரு டப்பா நம்மைப் பார்க்கும். கைப்பேசியில் "பிளம்பர், பீடோக், கெட்டிக்காரர், வரமாட்டார்" என்று ஒரு எண் இருக்கும். அவர் கணவரிடம் நான் ஒருமுறை கேட்டேன், "உங்க மேல மட்டும் ஏண்ணே ஒண்ணும் ஒட்டல?"

"நான் எப்பவும் சோபாலதான் இருப்பேன். தேட வேண்டியதில்ல லா" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷியை விண்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனது நாங்கள்தான்.

நாங்கள் என்றால் ஏழு பேர். எல்லோருக்கும் ஐம்பதைத் தொடும் வயது, முட்டிவலி, மூக்குக்கண்ணாடி. ஞாயிறு பிற்பகலில் அவரவர் வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால் விண்கப்பல் மாலுமிகள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வானத்தில் பறக்கும் இணைய விளையாட்டு அது. பாறை வெட்டலாம், கப்பல் கட்டலாம், அடுத்தவன் கட்டியதை உடைக்கலாம். மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடி, யார் கோட்டை விட்டது என்று தே தாரிக் டீ ஆறும்வரை வாக்குவாதம் செய்வோம்.

விண்வெளியில் ஒரு தொல்லை உண்டு. அங்கே தெரு கிடையாது, பிளாக் நம்பர் கிடையாது. ஒரு இடத்துக்குத் திரும்பி வர வேண்டுமானால் அங்கே ஒரு புக்மார்க் போட்டு, பெயர் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பெயரை அழுத்தினால் கப்பல் அங்கே போய் நிற்கும். கூட்டத்தில் ஒருவர் போட்டது எல்லோருடைய பட்டியலிலும் தெரியும்.

எங்கள் பட்டியல் இருந்த லட்சணம் இது: "இங்கதான்", "செல்வம் சொன்ன இடம்", "அழகான நீலக் கோள்", "சாப்பிட்டு வரேன்", "ஜோசப் போகாதே". கடைசியாகச் சொன்னதை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஜோசப் மட்டும் ஒரு வருடமாகப் போகாமல் இருந்தான்.

எங்களிடம் ஒரே ஒரு பெரிய சரக்குக் கப்பல் இருந்தது. ஏழு பேரும் ஒரு வருடம் பாறை வெட்டிக் கட்டியது. பெயர் பட்டத்து யானை. ஓட்டுநர் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரிகள் வந்து சூழ்ந்தார்கள். டாக்ஸி ஓட்டும் செல்வம், என் பள்ளிக்கூட நண்பன், "டேய் மணி, புதுசுக்குப் போடா!" என்று கத்தினான். பட்டியலில் செல்வம் போட்ட மூன்று "புதுசு" இருந்தது. மேலே இருந்ததை அழுத்தினேன். அது போன வருடத்துப் புதுசு. அதற்குப் பிறகு அந்த இடத்தில் எதிரிகள் கோட்டை கட்டிக் குடியேறியிருந்தார்கள். பட்டத்து யானையை அவர்கள் வீட்டு வாசலில் நானே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அரை நிமிடத்தில் தூள்.

"கண்ணு தெரியலன்னா ஏன்டா ஓட்டுற?" என்றான் செல்வம். "பேரு வைக்கத் தெரியலன்னா ஏன்டா கத்துற?" என்றேன் நான். நாற்பது வருட நட்பு அதோடு நின்றது. கடைக்கு இருவரும் வருவோம். அவன் ஒரு மேசை, நான் ஒரு மேசை. ஜோசப் நடுவில் நின்றுகொண்டு, "செல்வம் சட்னி வேணுமான்னு கேக்கறான்", "மணி வேணாங்கறான்" என்று இரண்டு மாதம் தூது போனான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வராமல் நிற்க ஆரம்பித்தார்கள்.

ஜோசப்பின் பக்கத்து வீட்டுக்காரர்தான் லேபிள் அக்கா. ஒரு ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்து வந்தவன், சமாதானத்துக்கு ஆள் வேண்டும் என்று அக்காவைக் கடைக்குக் கூட்டி வந்தான். அக்கா எங்கள் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜோசப்பின் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்தார்.

"இது என்ன லா? லிஸ்ட்டா, குப்பைத்தொட்டியா?"

"வெறும் கேம்தானே அக்கா" என்றான் செல்வம்.

"எங்க வேர்ஹவுஸ்ல இப்படி ஒட்டி வச்சா ஃபோர்க்லிஃப்ட் ஆள் மேல ஏறிடும். நானும் வெளயாட வரேன். ஆனா பேரு வைக்கிறது என் இஷ்டம். ஓகேயா?"

ஓகே என்று யாரும் சொல்லவில்லை. அக்கா சேர்ந்துவிட்டார்.

மறு ஞாயிறு சட்டம் வந்தது. ஒவ்வொரு பெயரும் ஓர் எண்ணில் தொடங்க வேண்டும். ஒன்று என்றால் ஓடி ஒளியும் இடம், இரண்டு அடுத்த வட்டாரத்துக்குப் போகும் வாசல், மூன்று எட்டிப்பார்க்கும் இடம், நான்கு பாறை வெட்டும் இடம். பிறகு திசை. கடைசியில், யாராவது நேரில் போய்ப் பார்த்த தேதி. ஆள் பெயர் கூடாது, வர்ணனை கூடாது. முப்பது நாள் யாரும் போய்ப் பார்க்காத இடம் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

"ஓடுற இடம் ஏங்க்கா மொதல்ல? பாக்கறவன் நம்மள பயந்தாங்கொள்ளின்னு நெனைக்க மாட்டான்?" என்று ஜோசப் கேட்டான்.

"பயந்தா கை எங்க போகும்? மேல இருக்கறதுக்குத்தான் போகும். அதான் மேல வச்சிருக்கேன்."

அன்றே எங்கள் பழைய பட்டியல் மொத்தமும் போனது. "அழகான நீலக் கோள்" போனதற்கு ஜோசப் ஒரு வாரம் துக்கம் காத்தான். "அழகா இருந்துச்சு அக்கா" என்று கெஞ்சினான். "அழகுக்கு நம்பர் இல்ல" என்று தீர்ப்பாகிவிட்டது. கடையில் அக்கா பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு தேர்வு வைப்பார். தப்பாகச் சொன்னால் பஜ்ஜித் தட்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

செல்வம் ஒருநாள் புரட்சி செய்தான். "அக்கா ஒழிக" என்று ஒரு புக்மார்க் போட்டான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அக்கா அதைத் திறந்து பார்த்தார், எண் சேர்த்தார், திசை சேர்த்தார், தேதி சேர்த்தார். "3, கிழக்கு, அக்கா ஒழிக, 4 ஜூன்." முழுதாக முப்பது நாள் அது அங்கேயே இருந்தது. முப்பத்தோராம் நாள் காலையில் சட்டப்படி நீக்கப்பட்டது. செல்வம் அதற்குப் பிறகு வாலாட்டவில்லை.

வராமல் நின்றவர்கள் திரும்பி வந்தார்கள். எட்டுப் பேராகப் பாறை வெட்டி, எட்டு மாதத்தில் இரண்டாவது பட்டத்து யானை எழுந்தது. வேடிக்கை என்னவென்றால் நானும் செல்வமும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய தேவையே இல்லாமல் அக்கா செய்துவைத்திருந்தார். அவன் "ரெண்டு, மேற்கு" என்பான். நான் போவேன். மனஸ்தாபத்துக்கு அதில் இடமே கிடையாது.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. யானையில் எங்கள் சொத்து முழுவதையும் ஏற்றிக்கொண்டு வேறு வட்டாரத்துக்குக் குடிபெயர்வதாகத் திட்டம். போனால் எல்லாம் போச்சு. புறப்படும் நேரம் பார்த்து அக்காவைக் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கக் கூப்பிட்டுவிட்டார்கள். "நான் எதுக்கு? லிஸ்ட் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு துவாஸுக்குப் போய்விட்டார்.

பாதி வழியில் ஜோசப் அலறினான். "வாசல்ல ஆளு! பதினோரு கப்பல்!"

போன முறை கேட்ட அந்த வெடிச்சத்தம் மறுபடி காதில் கேட்டது. கண்ணாடி வேறு மங்கிவிட்டது. ஹெட்ஃபோனில் செல்வத்தின் குரல், கத்தாமல் வந்தது.

"ஒண்ணு, வடக்கு."

பட்டியலின் உச்சியில் அது இருந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி. மாற்றியது செல்வம் என்று ஓரத்தில் விளையாட்டே காட்டியது. அன்று காலையில் டாக்ஸியை எடுப்பதற்கு முன் செல்வம் தனியாகப் போய் அந்த இடத்தைச் சரிபார்த்து, தேதியைப் புதுப்பித்து வைத்திருக்கிறான். எனக்காக என்று அவன் சொல்லவில்லை. யானையை ஓட்டப்போவது நான்தான் என்பது அவனுக்குத் தெரியாததும் அல்ல.

அழுத்தினேன். கனத்த கப்பல் மெதுவாகத் திரும்பிப் பாய்ந்தது. ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை, எது என்று கேட்கவில்லை. எட்டில் ஒருவர் குறைந்த ஏழு பேரும் ஒரே மூச்சில் அதே இருட்டு மூலைக்கு வந்து சேர்ந்தோம். பதினோரு பேரும் எங்களைத் தேடினார்கள், தேடினார்கள், அலுத்துப்போய்க் கிளம்பினார்கள். யானையின் மேல் ஒரு கீறல் இல்லாமல் வாசலைத் தாண்டினோம்.

பிறகு செல்வம் கேட்டான்.

"மணி, சாப்டியாடா?"

"இன்னும் இல்லடா" என்றேன்.

மாலையில் அக்கா கிடங்கில் காலில் போடும் கனத்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேராகக் கடைக்கு வந்தார். நானும் செல்வமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தார். வந்து உட்கார்ந்தவர் தே தாரிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கப்பலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"யானைக்கு என்னாச்சுன்னு கேக்கலையேக்கா?" என்றேன்.

"கப்பல் போனா இன்னொண்ணு கட்டலாம் லா. நீங்க ரெண்டு பேரும் மறுபடி அடிச்சிக்கிட்டுப் போயிருந்தா, ஞாயித்துக்கெழம நான் யாரோட வெளயாடுவேன்? துவாஸ்ல இன்னிக்கு ஒரு பெட்டியக்கூட ஒழுங்கா எண்ணல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். மேசையில் வெங்காயமே இல்லை.

எங்களைத் துரத்திய கூட்டத்தின் தலைவர் பிறகு செய்தி அனுப்பிக் கேட்டார், எப்படித் தப்பித்தீர்கள் என்று. அக்கா தம் சட்டத்தை அப்படியே அனுப்பிவைத்தார். "சண்டை போடறவனும் ஒழுங்காப் போடட்டும்" என்றார். இப்போது முகம் தெரியாத எத்தனையோ பேருடைய பட்டியல்கள் ஒன்றாம் எண்ணில், ஓடி ஒளியும் இடத்தில், தொடங்குகின்றன. தஞ்சோங் பகாரில் என் அலுவலகத்தில் நான் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

வானத்தில் யாராவது நீ எந்தக் கூட்டம் என்று கேட்டால், கூட்டத்தின் பெயரை நான் சொல்வதில்லை. அக்காவின் தம்பி என்கிறேன்.