தேங்காயளவு என்சின்

"அந்தோனியார் திருநாளுக்கு முன்னம் என்ர என்சின் ஓடும். ஓடாட்டி இந்தத் தகரக் கொட்டிலை உம்மட கோழியளுக்கு விடுறன். ஓடினா இனி ஒருத்தரும் கொட்டிலைப் பற்றி வாய் திறக்கக்கூடாது!"

நெஞ்சில தட்டிச் சொன்னது நான். கேட்டுக்கொண்டு நிண்டது என்ர மனிசி பிரான்சிஸ்கா. வாயைக் குடுக்கிறதெண்டால் ஆளைப் பாத்துக் குடுக்கவேணும். நான் பாக்கேல்ல.

சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்தவுடன எங்களுக்கு முதல்ல தகரக் கொட்டில் தந்தாங்கள். பிறகு கல்வீடு தந்தாங்கள். வீட்டுக்கு மாறின அண்டைக்கே கொட்டிலை நான் பிடிச்சிட்டன். முகாமில தந்த அலுமினியச் சட்டியை உருக்கி வார்த்து, ஆறு மாசம் அரத்தால ராவி, தேங்காயளவில ஒரு பெற்றோல் என்சின் செய்தன். வள்ளத்துக்கும் உதவாது, வயலுக்கும் உதவாது. டக் டக் எண்டு ஓடினாக் காணும், அவ்வளவுதான் என்ர ஆசை. பிரான்சிஸ்காவுக்கோ, மரத்தில படுக்கிற கோழியளைக் கீரி தூக்குதெண்டு கவலை.

கயிறை இழுத்தா என்சின் ஓடும். பத்து எண்ண முதல் நிண்டுடும். பிளக்கைக் கழட்டினன், நீலப்பொறி பறக்குது. பிஸ்டன் இறுக்கமாத்தான் இருக்கு. காபரேற்றரை ஊசியால குத்தி ஊதினன். எருக்கலம்பிட்டியில வள்ளத்து என்சின் திருத்துற என்ர கூட்டாளி முஹைதீனும் வந்து பாத்தார். தலையைச் சொறிஞ்சார், தேத்தண்ணி குடிச்சார், போயிட்டார்.

திருநாளுக்கு முதல்நாள் பிரான்சிஸ்கா கொட்டிலுக்கு வந்தா.

"இஞ்சேருங்கோ, உங்கட என்சினுக்காக அந்தோனியாருக்கு நேர்த்தி வச்சிருக்கிறன்."

எனக்குக் கண் கலங்கிட்டுது. "மெய்யாவோ?"

"மெய்யாத்தான். உதென்ன ரின்?"

"பெற்றோல் ஊத்துற ராங்கி."

"ரின்பாலுக்கு ஒரு ஓட்டை மட்டும் குத்தினாப் பால் ஊத்துமோ?"

"ஊத்தாது. காத்துப் போக மற்றப் பக்கமும் ஒண்டு குத்தவேணும்."

"பிறகேன் உதின்ர மூடியை இறுக்கிப் பூட்டி வச்சிருக்கிறியள்?"

ஆணியால மூடியில ஒரு ஓட்டை குத்தினன். கயிறை இழுத்தன். டக் டக் டக்! நூறு எண்ணியும் நிக்கேல்ல. சந்தோசத்தில நான் துள்ளினன்.

"கொட்டில் எனக்கு!"

"ஓம், உங்களுக்குத்தான். என்சின் அந்தோனியாருக்கு."

"என்னது?"

"ஓடினா என்சினையும், உங்கட அரம் சுத்தியல் கிடக்கிற ஆயுதப் பெட்டியையும் அவருக்குக் குடுக்கிறதெண்டுதான் நேர்ந்தனான்."

"என்ர சாமானை நீர் எப்பிடி நேருவீர்?"

"எல்லாம் ரெண்டு பேருக்கும் பொது எண்டு கல்யாணத்தண்டு சொன்னது ஆர்?"

"ஓட்டை விசயம் உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் கயிறு இழுத்த முதல் நாளே."

"அடி பாவி! ஏன் சொல்லேல்ல?"

"நேர்த்தி வைக்க முதல் சொல்லுறதோ?"

அந்தோனியாரோட ஆர் வழக்குப் பேசுறது? குடுத்தன். ஆனா நானும் லேசுப்பட்ட ஆளில்லை. நேர்த்திக்கு வந்த சாமான்களைப் பூசை முடிய ஏலம் விடுறது எங்கட கோயில் வழக்கம். உடன முஹைதீனுக்குப் போன் எடுத்தன். சிக்னல் கிணத்தடியில மட்டும்தான் வரும்.

"முஹைதீன், என்ர பேர் வெளியில வரக்கூடாது! நீங்கள் ஏலத்தில எடுத்துக்கொண்டு வாங்கோ!" எண்டு கத்தினன். பிரான்சிஸ்கா மறுபக்கம் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டிருந்தா. அவவுக்குக் கேட்டிருக்காது.

அடுத்த நாள் பூசை முடிஞ்சதும், சந்தேகம் வரக்கூடாதெண்டு ஏலத்துக்கு நிக்காமல் வீட்டை வந்து படுத்தன். பின்னேரம் முஹைதீன் மோட்டர்சைக்கிளில வந்தார். பின்னால சாக்கால மூடின பெட்டி. என்ர செல்வமே எண்டு சாக்கைத் தூக்கினன். சிவத்தச் சேவலொண்டு என்ர முகத்துக்கு நேர கூவிச்சுது.

"என்ன முஹைதீன் இது?"

"நீங்கள்தானே றெனால்ட் அண்ணே, மனம் மாறிட்டியளாம். கொட்டில் சும்மா கிடக்குது, ஏலத்தில என்சினை விட்டிட்டுச் சேவலை எடுக்கட்டாம் எண்டு அக்கா வந்து சொன்னா."

"அப்ப என்சின்?"

"அதையும் ஆயுதப் பெட்டியையும் இலுப்பைக்கடவை ஆளொருத்தர் கொண்டு போயிட்டார். என்ன மாதிரி ஓடுது அண்ணே!"

நான் பந்தயத்தில வெண்ட கொட்டில் இப்பவும் எனக்குத்தான், விடிய எழும்பி அதுக்குள்ள கோழிப்பீ அள்ளுறதும் நான்தான்.