ஏஸுக்கு ஒரு கால்

என் புருஷன் கிளைட் வேலையை விடுவதற்குக் கடிதம் எழுதி, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை முதலாளியிடம் கொடுக்கப் போகிறானாம். எங்கள் ஊர் ஹென்டர்சனில், ஜூன் மாதத்துப் பாலைவன வெயிலில், ஏசி மெக்கானிக் தெருவில் நடந்தால் ஊரே பின்னால் ஓடி வரும். இவன் அந்த வேலையை விட்டுவிட்டு பக்கத்து லாஸ் வேகாஸ் கேசினோக்களில் சீட்டாடிப் பிழைக்கப் போகிறான்.

நான் அதிகம் பேசமாட்டேன். பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டவள். ஆனால் அந்தக் கடிதம் பிரிட்ஜ் கதவைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்று மட்டும் முடிவு பண்ணிவிட்டேன்.

எல்லாம் அவன் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிற பிளாக்ஜாக் சீட்டாட்டச் சிமுலேஷனால் வந்தது. அது தானே சீட்டுப் போட்டு, தானே ஆடி, நாம் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடும்.

"மார்லா, இங்க வந்து பாரு! பத்துக் கோடி ஆட்டம். மொத்தத்துல நான்தான் ஜெயிச்சிருக்கேன்!"

"நீ எங்க ஆடின? சாண்ட்விச் இல்ல தின்னுக்கிட்டு இருந்த?"

"நான்னா, என்னோட முறை. சின்னச் சீட்டு வந்தா கூட்டணும், பெரிய சீட்டு வந்தா கழிக்கணும். மிச்சக் கட்டு நமக்குச் சாதகமான்னு தெரிஞ்சிடும். அது மெயின் கவுண்ட். எல்லாரும் பண்றதுதான். என் விசேஷம் சைட் கவுண்ட். ஏஸை மட்டும் தனியா எண்ணுவேன்."

"ரெண்டையும் தலைக்குள்ளயா?"

"தலையில இடம் இல்ல."

தெரிந்த சமாச்சாரம்தான்.

"அதனால ஏஸ் கணக்கு கால்ல!" என்று எழுந்து நின்றான். "குதிகாலைத் தூக்கினா ஒரு ஏஸ் போச்சு. விரலைத் தூக்கினா ரெண்டு. பாதத்தைச் சாய்ச்சா மூணு. நாலாவதுல இருந்து அடுத்த கால். மேஜைக்கு அடியில எவனுக்குத் தெரியும்?"

பரதநாட்டிய அரங்கேற்றம் மாதிரி இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். மேலே அவன் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தான்: 'சத்தம் இல்லாத இடத்தில் நூறு மணி நேரம் பழகாமல் மேஜையில் உட்காரக் கூடாது.' கீழே ஏகப்பட்ட கட்டங்கள். ஒன்றில் 'மணிக்கு எத்தனை தப்பு?' என்று கேட்டிருந்தது. பூஜ்யம் என்று போட்டிருந்தது.

"இதை யாரு போட்டது?"

"நான்தான்."

"மணிக்குப் பூஜ்யம் தப்பா? நேத்து பாப்பாவுக்கு டயப்பரை முன்னுக்குப் பின்னா மாட்டினியே, அது எந்த மணியில சேத்தி?"

"அது வீடு. இது தொழில்."

"சரி. நான் சீட்டுப் போடறேன். ஒரு மணி நேரம் எண்ணு. எத்தனை தப்போ, அதை அந்தக் கட்டத்துல போடு."

"போடறேன். அழப் போற நீ."

சமையலறை மேஜையில் இரண்டு கட்டுச் சீட்டைக் கலைத்துப் போட்டேன். அடுப்பில் பால். மூலையில் துணி உலர்த்தும் டிரையர் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஒன்றரை வயது மகள் ஓப்பல் மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை அங்கே விட்டது யார் என்று கேட்காதீர்கள்.

முதல் ஏஸ் விழுந்தது. கிளைட் குதிகாலைத் தூக்கினான். குதிரை வந்துவிட்டது என்று ஓப்பல் அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் கீழே போனது. ஏஸும் போனது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "இதுவரைக்கும் எத்தனை ஏஸ்?"

"மூணு. இல்ல இரு, இவ உக்காந்ததைக் கழிக்கணும். ரெண்டு!"

"அஞ்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏஸ் அஞ்சு. மெயின் கவுண்ட் ஏழு. பால் பொங்க இன்னும் ஒரு நிமிஷம். டிரையர் இப்பதான் நின்னுச்சு. பாப்பா சத்தத்தைக் காணோம், அப்ப உன் சாக்ஸைத் தின்னுக்கிட்டு இருப்பா."

குனிந்து பார்த்தான். தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவனுக்குப் பத்தொன்பது தப்பு. கட்டத்தில் பத்தொன்பது என்று அவன் கையாலேயே போட வைத்தேன். கம்ப்யூட்டர் மறுபடி ஆடியது; ஓப்பல் பால் குடித்து முடிப்பதற்குள் பத்துக் கோடி ஆட்டத்தில் மொத்தமாகத் தோற்றுவிட்டான். திரை முழுக்கச் சிவப்பு.

அதோடு விட்டிருப்பான் என்றுதானே நினைப்பீர்கள்? திடீரென்று துள்ளினான்.

"மார்லா! நீ ஒரு தப்புகூட பண்ணலியே! நீ போய் ஆடு!"

நாலு பேர் பார்த்தால் எனக்குத் தண்ணீர் கூடத் தொண்டையில் இறங்காது. கேசினோவில் நானா? மாட்டேன் என்று சொன்னால், அவனே கிளம்பிவிடுவான். திரைக்கு மேலே இருந்த துண்டுக் காகிதம் கண்ணில் பட்டது.

"அந்த நூறு மணி நேரம் எனக்கும் உண்டா?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

"சத்தம் இல்லாத இடத்துல?"

"ஆமா, அது முக்கியம்."

"அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை நாடீன் அக்கா வீட்டுல பழகறேன். நாலு மணி நேரம். பாப்பா உன்கிட்ட."

"தாராளமா!"

"இருபத்தஞ்சு வாரம் ஆகும். அது வரைக்கும் உன் வேலை?"

விரல் விட்டு எண்ணினான். காலை உபயோகிக்கவில்லை. "அது வரைக்கும் போய்த்தானே ஆகணும்," என்று அவனே கடிதத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் என் பயிற்சிக்கு அட்டவணை எழுதி, அதே காந்தத்தை வைத்து ஒட்டினான்.

இன்று மூன்றாவது சனிக்கிழமை. இரண்டு மணி நேரமாக நாடீன் அக்கா வீட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன். சீட்டுக் கட்டின் உறையை இன்னும் பிரிக்கவில்லை. போன் அடித்தது.

"மார்லா, மெயின் கவுண்ட் என் கால்மேல உக்காந்து அழுவுது! சைட் கவுண்ட் அடுப்புல பொங்கி வழியுது! இன்னும் எவ்வளவு நேரம்?"

"தொண்ணூறு மணி நேரம், கிளைட்."